ஆட்டை மறுபடி ஏலம் விடுங்க

கஞ்சனைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அவனை விடுங்கள். அவன் எதையும் தரமாட்டான் என்பது ஊருக்கே தெரியும், அவனை நம்பி யாரும் அடுப்பு மூட்டுவதில்லை, அதனால் அவனால் பெரிய ஆபத்தும் இல்லை. நான் சொல்ல வந்தது வேறு இனம். இது கொடுக்கும். கைதட்டல் வாங்கும். ஊரே வாழ்த்தும். இந்த இனத்துக்குப் பெயர் திருப்பிக் கொடுப்பவர். முப்பது வருஷம் காப்பி விவசாயிகள் சங்கத்துக்கு நோட்டீஸ் எழுதிய கை இது, சுற்றி வளைக்கத் தெரியாது. நேராகவே சொல்லிவிடுகிறேன்: கஞ்சனை விட இவர் மோசம்.

இவரைப் பார்க்க வேண்டுமென்றால் டிசம்பரில் எங்கள் கிளிமஞ்சாரோ மலைச்சரிவுக்கு வர வேண்டும். தார் எஸ் சலாம், அருஷா நகரங்களில் சம்பாதிக்கிற எங்கள் ஆட்கள் கிறிஸ்துமஸுக்குப் பெரிய பெரிய கார்களில் மலை ஏறுவார்கள். ஏறியதும் அவரவர் வீட்டு வாசலுக்குச் சிமெண்டு போடுவார்கள், மாமன் மச்சானோடு வாழைப்பழ பீர் குடிப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு வருவார்கள். ஆராதனை முடிந்ததும் வெளியே மரத்தடியில் ஏலம். காசில்லாதவர்கள் காணிக்கையாகக் கொண்டுவந்த கோழி, முட்டை, வாழைத்தார், கரும்பு, பூசணிக்காய் எல்லாம் அங்கே ஏலத்துக்கு வரும். அந்தப் பணத்தில்தான் பள்ளிக்கூடம், அந்தப் பணத்தில்தான் பெண் பிள்ளைகளின் தையல் வகுப்பு, அந்தப் பணத்தில்தான் எல்லாமே.

இங்கேதான் நம்மவர் எழுந்து நிற்பார். சட்டையின் மேல் பொத்தான் திறந்திருக்கும், கார் சாவி விரலில் சுற்றும், குரல் மட்டும் ரொம்பப் பணிவாக இருக்கும். ஒரு பூசணிக்காய்க்குச் சந்தை விலையைப் போல இருபது மடங்கு கேட்பார். மூன்று தரம் சொல்லி அவருக்கே முடியும். பூசணிக்காயை இரண்டு விரலால் தொடுவார். போட்டோ எடுத்து முடிகிற வரைக்கும் தொடுவார். பிறகு அந்த வாசகம் வரும்.

"நமக்கெதுக்கு? ஆண்டவர் வேலைக்கே இருக்கட்டும். மறுபடி விடுங்க."

கைதட்டல். பூசணிக்காய் மறுபடி மேசைக்கு வரும். அடுத்தவர் எழுந்திருப்பார். அவர் சளைத்தவரா? அவரும் வாங்குவார், அவரும் திருப்பிக் கொடுப்பார். ஒரு வருஷம் ஒரு கோழிக்கு மத்தியானத்துக்குள் பதினொரு முதலாளிகள். வெயிலில் கைமாறி கைமாறி அது கழுத்தைத் தொங்கப்போட்டுக் கண்ணை மூடிவிட்டது. ஏலம் விடுகிற கிமாரோ வாத்தியார் சும்மா விடுவாரா? "கோழி ஜெபம் பண்ணுது, ஜெபம் பண்ற கோழி எங்கயும் கிடைக்காது" என்று சொல்லிப் பன்னிரண்டாவது முறையும் தள்ளிவிட்டார். ஒரு கூடை முட்டை நாலாவது சுற்றில் பாதியாகிவிட்டது. விலை மட்டும் குறையவில்லை.

எங்கள் ஊரில் இந்த இனத்தின் தலைவர் ஸ்வாய் அண்ணன், என்னை விடச் சின்னவர்தான், ஆனாலும் ஊருக்கே அண்ணன். தார் எஸ் சலாமில் சிமெண்டு வியாபாரம். கெட்டவர் இல்லை, அதுதான் தொல்லை. போன வருஷம் அந்த முட்டைக் கூடையை வாங்கியவர்களில் அவரும் ஒருவர். வீட்டில் முட்டை தீர்ந்துவிட்டது, இதையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று பக்கத்திலிருந்த அவர் மனைவி காதில் சொன்னார். அண்ணன் முறைத்த முறைப்பில் அந்த அம்மா கைப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்துவிட்டார். கூடை மேசைக்குத் திரும்பியது. வீட்டுக்குப் போகிற வழியில் ரோட்டு வளைவில் காரை நிறுத்தி, அங்கே வாழைப்பழமும் முட்டையும் விற்கிற அனாண்டேயிடம் முட்டைக்கு ஐம்பது ஷில்லிங் குறைக்கச் சொல்லிக் கால் மணி நேரம் பேரம் பேசினார். குறைத்தும் வாங்கினார்.

இதிலென்ன தப்பு, சபைக்குத்தானே லாபம் என்று கேட்பீர்கள். நானும் பதினாலு வருஷம் சபைக் கமிட்டியில் உட்கார்ந்து அதையேதான் சொன்னேன். சரி, ஒன்று யோசித்துப் பாருங்கள். ஒரு ஆட்டை ஒன்பது பேர் வாங்கி ஒன்பது பேரும் திருப்பிக் கொடுத்துவிட்டால், சாயங்காலம் அது யாருடைய ஆடு? யாருடையதும் இல்லை. யாருடையதும் இல்லாத ஆடு கமிட்டியுடையது. போன வருஷம் ஒரு ஆடு அப்படித்தான் கமிட்டிக்கு வந்தது. கமிட்டி அதை வாழைக்காயோடு சேர்த்து வேகவைத்துச் சாப்பிட்டது. நானும் சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது.

இந்த வருஷம் வந்தது வெறும் ஆடு இல்லை, பால் ஜாதி. வெள்ளை நிறம், இன்னும் ஈனாத பெட்டை. நல்ல கையில் போனால் ஒரு குடும்பத்தையே தூக்கி நிறுத்தும். பெண் பிள்ளைகளின் தொழிற்பள்ளிக்குக் கூரை போட வேண்டும், அதற்கான ஏலம். மேடைக்குப் பின்னால் பெரிய துணியில் 'சொந்தக் காலில் நிற்போம்' என்று எழுதிக் கட்டியிருந்தார்கள். விருந்தாளிகள் எல்லாருக்கும் நாற்காலி போட்டிருந்ததால், காலையிலிருந்து சொந்தக் காலில் நின்றது அந்த ஆடு ஒன்றுதான்.

கடைசி வரிசையில் அனாண்டே உட்கார்ந்திருந்தாள். ரோட்டு வளைவில் முட்டை விற்கிறாளே, அவள்தான். புருஷன் இல்லை. மகள் எடித் ஜனவரியில் மேல்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டும், மோஷியில் விடுதியில் தங்க வேண்டும். முதல் தவணையை எப்படியோ கட்டிவிடுவாள்; வருஷா வருஷம் முட்டை விற்று விடுதிக்குக் கட்ட முடியாது, ஆடு ஈன்று பால் விற்றால் முடியும். ஆட்டுக்கென்று அவள் சேர்த்து வைத்திருந்தது ஒரு லட்சத்து இருபதாயிரம் ஷில்லிங். இது எனக்கு எப்படித் தெரியும்? அவள் ஒரு வாரத்துக்கு முன்பே என்னிடம் வந்து, ஆடு என்ன விலைக்குப் போகும் என்று கேட்டாள். ஐந்து லட்சத்துக்குக் கீழே போகாது, நீ பேசாமல் வீட்டில் இரு என்று சொல்லி அனுப்பினேன். அத்தனை வருஷம் கமிட்டியில் இருந்து நான் கற்றது அவ்வளவுதான். அவள் என்னை விட நன்றாகக் கணக்குப் போட்டிருந்தாள்.

முதல் சுற்றில் ஸ்வாய் அண்ணன் ஐந்து லட்சத்துக்கு எடுத்தார். ஆட்டின் கொம்பைப் பிடித்தார், போட்டோ எடுத்தார்கள், மறுபடி விடுங்க என்றார். அருஷா கான்ட்ராக்டர் நாலரை லட்சத்துக்கு எடுத்துத் திருப்பினார். ஒரு வங்கி மேனேஜர், ஒரு பல் டாக்டர், ஒரு மருந்துக்கடைக்காரர். நடுவில் ஸ்வாய் அண்ணனே மச்சான் பெயரில் ஒரு முறை. ஒவ்வொரு சுற்றிலும் விலை இறங்கிக்கொண்டே வந்தது, வராமல் என்ன செய்யும்? முதலில் வாங்குகிறவனுக்குப் புகழ். ஏழாவதாக வாங்குகிறவனை யார் போட்டோ எடுப்பார்கள்? பாதிப் பேர் போனைக் காதில் வைத்துக்கொண்டு கார் பக்கம் போய்விட்டார்கள். சமையல் பொறுப்பிலிருந்த அக்காக்கள் இந்த ஆடு எங்கே வந்து நிற்கும் என்று தெரிந்து அடுப்பில் தண்ணீரே ஏற்றிவிட்டார்கள்.

ஏழாவது சுற்றில் கிமாரோ வாத்தியார் தொண்டை வறண்டு எண்பதாயிரத்திலிருந்து ஆரம்பித்தார். யாரோ தொண்ணூறு என்றார்கள். அனாண்டே எழுந்து, ஒரு லட்சத்து இருபது என்றாள். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். ஆடு அவளுடையது.

அவள் முன்னால் வந்து மடியிலிருந்து பணத்தை எடுத்துக் கொடுத்தாள். கூட்டம் கைதட்டத் தயாராகக் காத்திருந்தது. ஏழை விதவை கூடத் திருப்பிக் கொடுத்தாள் என்றால் அடுத்த வருஷம் வரைக்கும் பிரசங்கத்துக்கு ஆகும், இல்லையா? பாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

அவள் இடுப்பில் செருகியிருந்த கயிற்றை எடுத்தாள். ஏழு முறை விலைபோன ஆட்டுக்குக் கயிறு கொண்டுவந்தவள் இவள் ஒருத்திதான்.

ஸ்வாய் அண்ணன் பாவம், அவளுக்கு முறை தெரியாது என்று நினைத்துவிட்டார். பக்கத்தில் போய் அன்பாகத்தான் சொன்னார். "சொல்லு தங்கச்சி. மறுபடி விடுங்கன்னு சொல்லு."

"இல்லண்ணே. நான் வீட்டுக்குக் கொண்டு போறேன்."

"வீட்டுக்கா?"

"ஆடுன்னா வீட்டுக்குத்தானேண்ணே கொண்டு போவாங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பெரும்பாலானவர்கள் சிரிக்கவில்லை. ஆண்டவர் சந்நிதியில் பேரம் பேசுகிறாளே என்று முன்வரிசையில் ஒரு அம்மா முணுமுணுத்தார். சபைக்கு நஷ்டம் என்றார் பொருளாளர். அவள் அதைக் கேட்டால் என்னாகுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது, ஏனென்றால் அவ்வளவு பேர் பார்க்கும்போது நானாக இருந்தால் அந்த நிமிஷமே திருப்பிக் கொடுத்திருப்பேன். ஸ்வாய் அண்ணனும் விடவில்லை. "உன் பணத்தை நான் தந்துர்றேன்மா. ஆட்டை ஆண்டவருக்கே விட்ரு. உனக்குத்தான் ஆசீர்வாதம்."

அனாண்டே கயிற்றை ஆட்டின் கழுத்தில் முடிந்தபடியே அவரைப் பார்த்தாள். "ரெண்டு தடவை வாங்கினீங்களே அண்ணே. ஒரு தடவையாவது இதுக்கு ஒரு வாய் தண்ணி காட்டினீங்களா?"

அவர் ஆட்டைப் பார்த்தார். இரண்டு முறை அதற்கு முதலாளியாக இருந்தவர், அன்றைக்கு அப்போதுதான் அதை முதல் முறையாகப் பார்த்தார் என்று சத்தியம் செய்வேன். அனாண்டே சமையல் கொட்டகைக்குப் போய், கொதிக்காத பானையிலிருந்து ஒரு சட்டித் தண்ணீர் கேட்டு வாங்கி ஆட்டுக்குக் காட்டினாள். அது சட்டியைத் தலைகீழாக்குகிற வரைக்கும் குடித்தது. பிறகு இரண்டு பேரும் வாழைத்தோட்டத்துப் பாதையில் இறங்கிப் போய்விட்டார்கள். யாரும் கைதட்டவில்லை.

அன்று மத்தியானம் எங்களுக்கு பீன்ஸ்.

சாப்பிடும்போது ஸ்வாய் அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். உண்மையாகவே வருத்தப்பட்டார். "பாத்தீங்களா மாமா, இப்பல்லாம் சனங்களுக்குக் கொடுக்கிற மனசே இல்ல." நான் பீன்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது உங்களிடம் வருகிறேன். இதைப் படிக்கும்போதே உங்களுக்கு ஒரு முகம் ஞாபகம் வந்திருக்கும். உங்கள் சபையிலோ, சங்கத்திலோ, சொந்தத்திலோ ஒருவர். அச்சு அசல் அவரேதான், இதை அவருக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று கை துறுதுறுக்கும். நன்றாக இருக்கிறது, நமக்கெதுக்கு, அவர் படிக்கட்டும். அனுப்புங்கள். அவரும் படித்துச் சிரித்துவிட்டு இன்னொருவருக்கு அனுப்புவார், அந்த இன்னொருவர் வேறொருவருக்கு. எல்லாரும் ஒரு நிமிஷம் இரண்டு விரலால் தொட்டுவிட்டு அடுத்தவருக்குத் தள்ளிவிடுவார்கள். நடுவில் யாராவது ஒருவர் வீட்டுக்குக் கொண்டுபோனால் சரி. அது நீங்கள்தான் என்று நான் சொல்ல வரவில்லை, தப்பாக நினைத்துக்கொள்ளாதீர்கள்.