ஸ்டெப்னிக்குள் இருந்த நூற்றாண்டு மலர்

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு முதல் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் உள்ள மனிதர்களில், உலகத்தில் எந்தப் பொருளும் ஒன்றே ஒன்றாக இருக்கக் கூடாது என்று நம்பிய ஒரே ஆள் ஸ்டெப்னிதான். இதை நான் நன்றாக யோசித்தது, கூட்டேரிப்பட்டுக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு துணிப்பையோடு விழுப்புரம் பக்கமாக நடந்துகொண்டிருந்தபோது. காலை ஆறு மணிக்கு நடக்க ஆரம்பித்தவன். முதலாளி மேரியக்கா கடைக்கு வருவதற்குள் எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போய்விட வேண்டும் என்பதைத் தவிர வேறு திட்டம் இல்லை.

வேலையை விட்டு நடப்பது எனக்குப் புதிதல்ல. செங்கல் சூளை, அரிசி மில், பரோட்டாக் கடை என்று பல இடங்களிலிருந்து நடந்திருக்கிறேன். நான் போனதால் அங்கெல்லாம் எதுவும் குறைந்துவிடவில்லை. இந்த முறை ஒரு மாதா கோயிலின் நூற்றாண்டு மலரையே அழித்துவிட்டு நடந்துகொண்டிருந்தேன்.

ஸ்டெப்னிக்கு வேறு பெயர் இருந்திருக்கும். நேரில் எல்லோரும் அண்ணே என்பார்கள். முதுகுக்குப் பின்னால் ஸ்டெப்னி. திண்டிவனம் வாடகைக் கார் ஸ்டாண்டில், காற்றுப் போன ஒரு லாரி டயர்தான் அவருக்கு நாற்காலி. பையில் இரண்டு பேனா. மூக்கில் ஒரு கண்ணாடி, சட்டைப் பட்டன் இடுக்கில் ஒரு கண்ணாடி. இரண்டு கையிலும் கடிகாரம். இரண்டும் ஒரே நேரம் காட்டி நான் பார்த்ததில்லை. மணி கேட்டால் இரண்டையும் பார்த்துவிட்டு நடுவாக ஒன்றைச் சொல்வார்.

ஒரு காலத்தில் லாரி ஓட்டியவர். தக்காளி லோடோடு போகும்போது டயர் வெடித்து, கழற்றிப் பார்த்தால் மாற்று டயரான ஸ்டெப்னியிலும் காற்றில்லை. ஆள் நடமாட்டமில்லாத ரோட்டில் இரண்டு நாள். மூன்றாம் நாள் லோடு ரசமாகி ரோட்டில் ஓடியதாம். அன்றைக்குப் பிடித்தது அவருக்கு இந்த வியாதி.

யாராவது கார் வாடகைக்கு எடுக்க வந்தால் எழுந்து கூடவே போவார். யாரும் கூப்பிட வேண்டியதில்லை. பெயிண்டைப் பார்த்து மயங்காதே, முதலில் ஸ்டெப்னியைத் தட்டிப் பார், அப்புறம் ஜாக்கி இருக்கிறதா பார், ஏற்கெனவே உள்ள கீறலையெல்லாம் எழுதி டிரைவரிடம் கையெழுத்து வாங்கு என்பார். கிலோமீட்டர் உன் வீட்டு வாசலிலிருந்து ஓடாது, ஓனரின் ஷெட்டிலிருந்துதான் ஓடும், அதனால் ஷெட் எங்கே என்று கேள் என்பார். ஒரு ஓனர் தன் ஷெட் செங்கல்பட்டில் இருப்பதாகச் சொன்னார். அந்தக் கார் வருஷம் முழுக்க திண்டிவனம் பாலத்தடியில்தான் நிற்கும். ஸ்டெப்னி அவரிடம் மிகவும் மரியாதையாக, வாங்க போய் அந்த ஷெட்டைப் பார்த்துவிட்டு வரலாம் என்று முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். பேச்சுவார்த்தையில் ஷெட் மெல்ல நகர்ந்து நகர்ந்து சாயங்காலத்துக்குள் திண்டிவனத்துக்கே வந்து சேர்ந்தது.

ஒரு கல்யாணத்தில் பெண் மாலையோடு காரில் ஏறி உட்கார்ந்த பிறகு, ஜாக்கி வேலை செய்கிறதா என்று ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டிக் காட்டச் சொன்னார். பெண் இறங்கி வேப்ப மரத்தடியில் நின்றது. ஜாக்கி இருந்தது, கைப்பிடி இல்லை. அதைத் தேடிப் பிடித்துக் கிளம்பும்போது மேளக்காரர்கள் இரண்டாவது காபி குடித்து முடித்திருந்தார்கள். தாலி கட்டிய நேரம் மறந்துபோச்சு, ஜாக்கி தேடிய நேரம்தான் ஞாபகம் இருக்கு என்று பெண்ணின் அப்பா பிற்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்.

உதிரி சாமானுக்கு அவருடைய சட்டம் வேறு. வாங்கப் போகும்போது பழைய சாமானைக் கையோடு கொண்டு போக வேண்டும். மெக்கானிக் புதிதை மாட்டிய பிறகு பழசைக் கையோடு வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் அது துடைத்து, டப்பாவில் போட்டு, புதுசாக இன்னொருவன் வண்டியில் ஏறிவிடும். இந்தச் சட்டத்தால் எங்கள் பக்கத்தில் பல வீடுகள் இரும்புக் கடை மாதிரி ஆயின. ஒரு வாத்தியார் வீட்டு ஷோகேஸில் செத்துப்போன கார்பரேட்டர் ஒன்று, அவர் மகன் ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய கப்புக்குப் பக்கத்தில் நின்றது. இன்னொரு வீட்டில் கேப்பைப் பானைக்குப் பிரேக் டிரம்தான் மூடி.

நான் அவரைச் சந்தித்ததே கடைக் கவுண்டருக்கு உள்பக்கம் நின்றுதான். அப்போது விழுப்புரத்தில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் டப்பா துடைக்கும் வேலை எனக்கு. அவர் தூரத்தில் வரும்போதே முதலாளி பின்கட்டுக்குப் போய்விடுவார். ஒருநாள் யாருக்காகவோ பிரேக் ஷூ வாங்க வந்தார். பழசைத் துண்டில் சுற்றி, பிறந்த குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு வந்தார். நான் எடுத்துக் கொடுத்த புதிதை முகர்ந்தார், நகத்தால் கீறினார், இரண்டு கையிலும் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, உன் வண்டின்னா இதைப் போடுவியா?"

எனக்கு வண்டி கிடையாது. ஆனால் அந்தப் பழைய சாமான் டப்பாக்களுக்குப் புது லேபிள் ஒட்டியவனே நான்தான். தலை தானாக இல்லை என்று ஆடிவிட்டது. அன்று மதியமே வேலை போயிற்று. வாசலில் ஸ்டெப்னி தன் மொபெட்டோடு நின்றுகொண்டிருந்தார்.

"வேலை போச்சா? ஏறு. திண்டிவனத்துல நம்ம மேரிக்கு ஆள் வேணும்."

மேரியக்கா பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். தட்டச்சு, ஜெராக்ஸ், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அங்கே நடக்கும். கணவர் வெளிநாட்டில். மாதா கோயிலின் நூற்றாண்டு மலரை அவர்தான் ஒரு வருஷமாகச் செய்துகொண்டிருந்தார். கோயில் பங்கைச் சேர்ந்த ஊர்களில் உள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பக்கம். கிராமம் கிராமமாகப் போய் விவரம் எழுதி, படத்தை வாங்கி ஸ்கேன் செய்து, படத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தார். பல குடும்பங்களுக்கு அச்சில் பெயர் வருவது அதுதான் முதல் தடவை. திருவிழாவுக்கு ஒரு மாதம் இருந்தது. பங்குச் சாமியாரைவிட ஊர்ப் பெரியவர்கள்தான் தினமும் வந்து எட்டிப் பார்ப்பார்கள்.

அந்த மலரில் பக்கம் தராத ஒரே ஆள் ஸ்டெப்னி. மேரியக்கா கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார். அவர் மனைவி இறந்து பல வருஷமாகிவிட்டது, பிள்ளைகள் இல்லை. ஸ்டாண்டில் வம்புக்கார டிரைவர் ஒருவன் ஒருமுறை கேட்டே விட்டான், எல்லாத்துக்கும் ஸ்டெப்னி வச்சிருக்கீங்க, வூட்டுக்கு மட்டும் ஏன் வைக்கலைண்ணே என்று. ஸ்டெப்னி கோபப்படவில்லை.

"அந்த மாடல் நின்னு போச்சுடா" என்றார்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இனி என் கைவரிசை. நடக்க ஆரம்பித்ததற்கு முந்தின நாள் சாயங்காலம், அக்கா ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தபோது, கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. திறக்கவே இல்லை. சாஃப்ட்வேர் சி.டி.யைப் போட்டு புதுசாக ஏற்றினால் சரியாகிவிடும் என்று கேள்விப்பட்டிருந்தேன். போட்டேன். அது இங்கிலீஷில் ஏதேதோ கேட்டது. நான் எட்டாவதோடு நின்றவன். ஒவ்வொரு கேள்விக்கும் பணிவாக என்டர் தட்டினேன். ஒரு மணி நேரத்தில் கம்ப்யூட்டர் புத்தம் புதிதாகத் திறந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை. ஒரு வருஷ வேலை, எத்தனையோ குடும்பங்கள், எல்லாம் துடைத்துவிட்ட மாதிரி.

விடிந்ததும், "அக்கா, மலர் அழிந்துவிட்டது. நான்தான் அழித்தேன்" என்று எழுதி கீபோர்டின் மேல் வைத்துவிட்டு, ஷட்டரை இறக்கிப் பூட்டி, சாவியை உள்ளே தள்ளிவிட்டு நடந்தேன்.

கூட்டேரிப்பட்டு முனைக்கு வரும்போது பின்னால் மொபெட் சத்தம். திரும்பிப் பார்க்கவே தேவையில்லை. ஸ்பேர் டியூபைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு மொபெட் ஓட்டுகிற ஆள் ஒருவர்தான். கடையின் இன்னொரு சாவி எப்போதும் அவர் அரைஞாணில் தொங்கும். காலையில் பேப்பர் படிக்கத் திறந்தவர் கண்ணில் என் சீட்டு பட்டிருக்கிறது.

"நீ வந்த வழியாதான் திரும்புவேன்னு தெரியும். ஏறு."

"அக்கா மூஞ்சில முழிக்க முடியாதுண்ணே."

"மூஞ்சி அப்புறம். காப்பி ஒண்ணு இருக்குது. ஜல்தியா ஏறுடா."

மொபெட்டில் போய்க்கொண்டே சொன்னார். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே, பொங்கல் சமயத்தில் கடைக்கு வந்தவர், இந்தப் பொட்டிக்கு ஸ்டெப்னி எங்கே என்று மேரியக்காவைக் கேட்டிருக்கிறார். அப்படி ஒன்றும் கிடையாது என்றதும், அன்றுவரை செய்ததையெல்லாம் ஒரு சி.டி.யில் எழுதித் தரும்வரை கடையை விட்டு நகரவில்லை. சி.டி.யை அக்காவிடமும் கொடுக்கவில்லை. அசலும் நகலும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தால் தீப்பிடித்தால் இரண்டும் போய்விடும் என்பது அவர் வாதம். அதற்குப் பிறகும் மாதா மாதம் புதுசாக ஒன்று எழுதித் தரச் சொல்லிக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அடுத்த வாரம்ணே என்று அக்கா தள்ளிக்கொண்டே போனார்.

"எங்கேண்ணே வச்சிருக்கீங்க?"

"நம்ம ஏழுமலை ஓட்டுற அம்பாசிடர் இருக்குதில்ல, அதோட ஸ்டெப்னி வீலுக்குள்ள. தெனம் காலையில நான் தட்டிப் பார்க்கிற டயர் அது. அதைவிடப் பத்திரமான இடம் எது?"

அன்று காலையும் தட்டிப் பார்க்கப் போயிருக்கிறார். கார் இல்லை. பௌர்ணமி என்பதால் ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு அதிகாலையிலேயே திருவக்கரைக் கோயிலுக்குப் போய்விட்டது. நாங்கள் மயிலம் வழியாகத் திருவக்கரைக்குத் திரும்பினோம்.

கல்மரப் பூங்கா வாசலைத் தாண்டும்போது வேகத்தைக் குறைத்து, கல்லாகிக் கிடக்கும் மரங்களைக் காட்டினார். மரம் என்றைக்கோ போய்விட்டது, அதன் காப்பி மட்டும் கல்லில் கிடக்கிறது பார், இயற்கைக்கே அந்த அறிவு இருக்கிறது என்றார். நான் ரோட்டில் அம்பாசிடரைத் தேடிக்கொண்டிருந்தேன். ரசிக்க முடியவில்லை.

கோயில் பக்கம் நின்ற நூறு வண்டிகளில் அம்பாசிடரைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. அதன் முன் பம்பரில் எலுமிச்சம்பழம், பச்சை மிளகாய், அவற்றுக்கு நடுவே எங்கள் சி.டி. நடு ஓட்டையில் கயிறு கோத்துக் கட்டியிருந்தது. வண்டிக்குப் பூசை போட்டபோது பூசாரி அதற்கும் சேர்த்துச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்திருந்தார்.

ஏழுமலை விளக்கினான். வரும் வழியில் பஞ்சர். ஸ்டெப்னியைக் கழற்றினால் உள்ளே பளபளவென்று இது.

"மாதா பேரு எழுதியிருந்திச்சிண்ணே. சாமி காரியமா வச்சிருக்காங்கன்னு முன்னாடி கட்டினேன். திருஷ்டிக்கும் ஆச்சு."

ஸ்டெப்னி அவனை ஏசப் போகிறார் என்று நினைத்தேன். அவர் சி.டி.யைத் தொடவே இல்லை. நேராகப் பின்னால் போய் டிக்கியைத் திறந்தார். உள்ளே பஞ்சரான டயர் அப்படியே கிடந்தது. அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது.

"பஞ்சர் ஸ்டெப்னியை வச்சிக்கினு ஒம்போது பேரைத் திருப்பிக் கூட்டிக்கினு போவியா நீ?"

முதலில் அதை ஒட்ட வேண்டும், அப்புறம்தான் சி.டி. என்று சொல்லிவிட்டார். மேரியக்காவின் ஒரு வருஷம் எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருக்க, நான் அந்த டயரைத் தெருவில் உருட்டிக்கொண்டு போய் பஞ்சர் கடையில் ஒரு மணி நேரம் நின்றேன். இதற்கிடையில் அவர் அந்தக் குடும்பத்தாரை உட்காரவைத்து ஷெட் விஷயத்தை விளக்கிக்கொண்டிருந்தார். திரும்பி வந்து டயரை டிக்கியில் வைத்த பிறகு, கயிற்றை அவிழ்த்து, குடிக்கிற தண்ணீரை விட்டு, தன் இரண்டாவது துண்டை எடுத்துக் கொடுத்தார். வட்டமாகத் துடைக்காதே, நடுவிலிருந்து வெளியே நேராகத் துடை என்று மேரியக்கா சொல்லிக்கொடுத்ததை அப்படியே எனக்குச் சொன்னார். அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். 

கடையில் மேரியக்கா காலி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். அழுது முடித்த முகம். என்னைப் பார்த்தார், சி.டி.க்குக் கையை நீட்டினார். சி.டி.யைப் போட்டார். அது உள்ளே கரகரத்தது, நின்றது, வெளியே வந்தது. மறுபடி போட்டார். மூன்றாவது தடவை திரையில் கோயில் மணிக்கூண்டு வந்தது. பிறகு ஒரு குடும்பம், இன்னொரு குடும்பம். ஜெபம் சொல்லித்தரும் ஒரு உபதேசியாரின் படம் மட்டும் மூக்குக்குக் கீழே வரவில்லை. பொங்கல் வரை செய்ததெல்லாம் இருந்தது. அதற்குப் பிறகு சேர்த்த நாற்பத்து மூன்று குடும்பங்கள் இல்லை. பெயர்ப் பட்டியல் நோட்டில் இருந்தது. விவரமும் படமும் மறுபடி வாங்க வேண்டும்.

அக்கா நோட்டை மூடினார். "தப்பு என் பேர்லயும் இருக்குது. அண்ணன் கேட்டப்பவே எழுதிக் குடுத்திருக்கணும்" என்றார். பிறகு என் கால்களைப் பார்த்தார். "நடக்கறதுன்னா உனக்குப் புடிக்குமே. இந்த நாப்பத்தி மூணு வூட்டுக்கும் நட."

மறுநாள் காலை அந்த வேலையில் சேர்ந்தேன். பட்டியலோடு கிளம்பும்போது ஸ்டெப்னி வாசலில் நின்றார். கையில் கார்பன் பேப்பர். எதை எழுதினாலும் இரண்டாக எழுத வேண்டும் என்றார். பிறகு, முதலில் என் வீட்டுக்கு வா என்றார். அவர் பெயர் அந்த நாற்பத்து மூன்றில் இல்லை. ஆனாலும் போனேன்.

ஒற்றை அறை. எல்லாம் இரண்டு இரண்டாக இருந்தது: மண்ணெண்ணெய் ஸ்டவ், குடை, டார்ச், சுவரில் மாதா படம். பெட்டிக்கு அடியிலிருந்து இரண்டு அட்டைகளைச் சேர்த்து நூல் கட்டியதை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஓரம் மடிந்த கறுப்பு வெள்ளைப் படம். சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கும் ஒரு பெண்.

"இதுக்குக் காப்பி எங்கேண்ணே இருக்குது?" என்றேன்.

"அது ஒண்ணுதான். எவன் கையிலயும் குடுத்ததில்ல."

மறுபடி நூல் கட்டி என்னிடம் நீட்டினார். முந்தாநாள் ஒரு கோயிலையே அழித்தவன் நான். அவர் இரண்டு கடிகாரங்களையும் பார்த்தார், அக்கா கடையில் இருப்பா, ஸ்கேன் பண்ணிட்டுக் கொண்டுவா என்றார். கூட வரவில்லை.

சட்டைப் பையில் வைத்து, மேலே உள்ளங்கையை அழுத்திக்கொண்டு நடந்தேன். கடை வரும்வரை கையை எடுக்கவில்லை.