இன்னா கலரு சாரின் நாற்பது புட்டிகள்

ஆரணி ஊரையே ஒட்டுமொத்தமாகக் குழப்பிவிட்டு, தானும் அதே அளவுக்குக் குழம்பி நின்ற ஒரே மனிதர் 'இன்னா கலரு' சார்தான். அவருடைய அசல் பெயர் அவருடைய ஆதார் அட்டைக்கே மறந்து போயிருக்கும். எங்கள் தெருக்கோடித் தனியார் கல்லூரியில் கெமிஸ்ட்ரி வாத்தியார். கையில் எப்போதும் ஒரு கண்ணாடிப் புட்டி. எதிரே வருகிறவரை மறித்து, மூக்குக்கு நேரே அதை நீட்டி, "இது இன்னா கலருங்க?" என்பார்.

ஆரணியில் வந்து கேட்கிற கேள்வியா அது! பட்டு நெய்கிற ஊரில் நீலம், சிவப்பு என்று யாரும் மொட்டையாகச் சொல்லமாட்டோம். "மயில்கழுத்துங்க" என்பார் ஒருவர். "யோவ், கண்ணு இன்னா பின்னாடியா கீது? ஆனந்தா கலருயா அது!" என்று பாய்வார் இன்னொருவர். இரண்டு பேரும் சட்டையைப் பிடிப்பதற்குள் சார் இரண்டையும் நோட்டில் எழுதிக்கொண்டு நழுவிவிடுவார்.

கல்லூரிக்கு எதிரே எனக்கு டைப்பிங், ஜெராக்ஸ் கடை. அவருடைய பிஎச்.டி. ஆய்வேட்டை டைப் அடிக்கும் பாக்கியம் என் தலையில் விழுந்தது. உலோக ஹைட்ராக்சைடுகளின் மின்னணு, ஒளியியல் பண்புகள். அடிக்க அடிக்க எனக்குத் தலை சுற்றியது.

"இதுல நீங்க இன்னாதான் சார் பண்றீங்க?"

"கோபால்ட் ஹைட்ராக்சைடுல எலெக்ட்ரானுக்கு முன்னாடி ஒரு பள்ளம் கீதும்மா. வெளிச்சத்த வாங்கிகினு அது தாண்டும். பள்ளம் எவ்ளோ அகலம்னு அளக்கறேன்."

"அது ஏன் சார் தாண்டணும்?"

விளக்குவதற்காகக் கடை முன்னால் இருந்த சாக்கடையைத் தாண்டிக் காட்டினார். இடது கால் உள்ளே போய்விட்டது. "பாருங்க, எனர்ஜி பத்தல" என்றார், முகம் கொஞ்சமும் மாறாமல்.

சிரிப்புக்கு நடுவே ஒரு வயிற்றெரிச்சலும் இருந்தது. அந்த வருஷம் பட்டம் வாங்காவிட்டால் வேலை கிடையாது என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. அவருக்கோ கணக்கு பிடிபடவில்லை. "ஒரே மருந்து, ஒரே பக்குவம், எல்லாமே நீலம். பள்ளம் மட்டும் சில புட்டிக்கு ஒரு மாரி, சில புட்டிக்கு வேற மாரி வருதும்மா. பேஜாரா கீது."

பதினான்காவது புட்டிக்கு 'நீலம்' என்று அடித்துவிட்டுப் பக்கத்தில் இருந்த போட்டோவைப் பார்த்தேன்.

"சார், இது வெங்காயக் கலரு. நீலம்னு எழுதிகிறீங்க?"

"வெங்காயம் நீலம்தானேம்மா?"

கிண்டலாக்கும் என்று திரும்பினால், மனுஷனுக்கு வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது. "யார்கிட்டயும் சொல்லிடாதீங்கம்மா. எனக்கு ரோஸும் வெளிர்நீலமும் ஒண்ணுதான், சாம்பலாட்டம் தெரியும். கலர் மருந்த ஆராய்ச்சி பண்றவனுக்குக் கலரே தெரியாதுன்னா சிரிப்பாங்க."

அடப்பாவி மனுஷா! நீலமா, ரோஸா என்று நேராகக் கேட்கக் கூச்சப்பட்டு மூன்று வருஷம் ஊரைச் சுற்றியிருக்கிறார். நாங்களும் லேசுப்பட்டவர்களா? ஒரு ஆளாவது வெங்காயம் அது இது என்று சுற்றாமல் 'ரோஸ்' என்று சொல்லியிருந்தால் அவருக்குப் பிழைப்பு ஓடியிருக்கும்.

'கரண்ட் இல்லை' என்று கடையில் பலகை மாட்டிவிட்டு நாற்பது புட்டிகளையும் கொண்டுவரச் சொன்னேன். டியூப்லைட்டில் கலர் பார்ப்பது எங்கள் தறிக்காரக் குடும்பத்தில் மன்னிக்க முடியாத குற்றம். வாசல் வெயிலில் வைத்து நீலத்தை இடது பக்கமும் ரோஸை வலது பக்கமுமாகப் பிரித்தேன். சார் நோட்டைப் பார்த்து அளவுகளைப் படித்தார். இடது பக்கம் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. வலது பக்கமும் அப்படியே.

ரோஸ் புட்டிகள் எல்லாமே வெள்ளிக்கிழமை செய்தவை. ஊருக்குப் போக தேவிகாபுரம் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் வடிகட்டாமல், காரத்தண்ணீரிலேயே திங்கள்வரை ஊறவிட்டு ஓடியிருக்கிறார். ஊறியதில் உள்ளே அணுக்களின் அடுக்கு மாறி, நீலம் ரோஸாகிவிட்டதாம். பள்ளமும் அதனால்தான் மாறியிருக்கிறது.

"அப்போ நான் தப்பா அளக்கலியாம்மா?"

"சரியாத்தான் சார் அளந்துகினு இருந்தீங்க."

வாசற்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

அந்த ரகசியத்தை நான் காப்பாற்றினேன். என் வாயைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். வீட்டுக்காரரிடம்கூட மூச்சு விடவில்லை.

வாய்மொழித் தேர்வன்று நானும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் ஆய்வேட்டைப் புரட்டிவிட்டு, "நிறத்த ரொம்பக் கச்சிதமாப் பிரிச்சிருக்கீங்க. நீங்களே பண்ணதா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லித் தொலையேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"இல்லீங்க சார். எனக்கு அந்த ரெண்டு கலரும் தெரியாது. எதிர்ல ஜெராக்ஸ் கடை வச்சிருக்காங்களே, அவங்கதான் பிரிச்சுக் குடுத்தாங்க. அதோ, கடைசி வரிசைல."

அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. பேராசிரியர் எழுந்து வந்து, "அதையும் ஆய்வேட்டுல எழுதிடுங்க, டாக்டர்" என்று கை கொடுத்தார்.

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். ஆனால் இத்தனை நாள் எனக்கு மட்டுமே தெரிந்த ஒன்று ஊருக்கே தெரிந்துவிட்டதே என்று, சொன்னால் சிரிப்பீர்கள், கொஞ்சம் பொறாமையாக இருந்தது.