இரட்டைப் பேனா ஆசாமி

இரட்டைப் பேனா ஆசாமி என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள், பெயர் தெரியாததால் விட்டிருப்பீர்கள். சட்டைப் பையில் மஞ்சளாக ஒன்றும் பச்சையாக ஒன்றும் மார்க்கர் பேனா சொருகியிருக்கும். எப்போதோ முடிந்துபோன பயிற்சி முகாமின் அட்டை இன்னும் கழுத்தில் தொங்கும். அரசாங்கக் காகிதம் எது கையில் கிடைத்தாலும் படிக்க மாட்டார். பூசுவார். குழந்தைகளுக்கான செலவு என்றால் மஞ்சள். பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்கும் செலவு என்றால் பச்சை. இரண்டும் சேர்ந்தது என்றால் ஒன்றின்மேல் ஒன்றாகத் தேய்த்துக் கிளிப்பச்சை. அந்தக் கிளிப்பச்சை விழும் நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பெண்ணுக்குப் பெரிய இடத்தில் வரன் அமைந்த தகப்பன் கெட்டான்.

எங்கள் கல்மிகாலி யூனியனுக்கு, அதாவது ஊராட்சிக்கு, வாய்த்தவர் மொக்லேசுர் ரகுமான். ஊருக்கு மொக்லேஸ் பாய். அரசாங்கம் குழந்தைகளுக்கும் பருவநிலைக்கும் எவ்வளவு ஒதுக்குகிறது, ஒதுக்கியது போய்ச் சேர்ந்ததா என்று கண்காணிக்கும் தொண்டு நிறுவனத்தில் அவருக்கு வேலை. நல்ல வேலைதான். யார் இல்லை என்றார்கள்? தலைநகரத்தில் மூன்று நாள் பயிற்சிக்குப் போய், குளிர்ந்த அறையில் உட்கார்ந்து, மத்தியானம் பிரியாணி தின்று, திரும்பும்போது ஒரு துணிப்பையும் இரண்டு பேனாவும் ஒரு வாக்கியமும் கொண்டுவந்தார். அந்த வாக்கியம்தான் எங்களைப் படுத்திய பாடு!

"ஒரு கொழந்தையோட கண்ணால பாருங்க."

கண்ணை அரைவாசி மூடி, தலையை இடப்பக்கம் சாய்த்து, குரலைத் தேனில் முக்கிச் சொல்வார். ரோடு போடுகிறார்களா? "ஒரு கொழந்தையோட கண்ணால பாருங்க. பள்ளிக்கூடத்துக்குப் போற கொழந்தை இதுலதான நடக்குது? நாப்பது சதவீதம்!" மஞ்சள். யூனியன் மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோலா? "பள்ளிக்கூடத்துப் பக்கமாத்தான போகுது? முப்பது!" மஞ்சள். விருந்தாளிகளுக்குச் சிங்காரா சமோசாவும் ரசகுல்லாவுமா? "தின்னுக்கிட்டே எதப் பத்திப் பேசறாங்க? புயலப் பத்தி. அம்பது!" பச்சை.

டீக்கடை நிதாய்க்கும் ஆசை வந்துவிட்டது. "பாய், என் அடுப்பு எத்தன சதவீதம் தேறும்?"

"புகை விடுதே நிதாய். அது பருவநிலைக்கு எதிரி. அதுக்குச் சிவப்புப் பேனா வேணும். பயிற்சியில தரல."

சேர்மன் இத்ரிஸ் ஹவ்லாதார் ஆரம்பத்தில் இவரைக் கண்டாலே பின்வாசல் வழியாகப் போய்க்கொண்டிருந்தார். கண்காணிப்பு என்றாலே சேர்மன்களுக்கு ஆகாது அல்லவா? ஒருநாள் மாட்டிக்கொண்டார். வரும் ஆண்டின் வரவு செலவுத் திட்ட நகல் மேஜையில் கிடந்தது. ஏழாவது வரியில் சேர்மன் அறைக்கு ஏசி, ஒரு லட்சத்து எண்பதாயிரம் டாக்கா. சேர்மன் அதன்மேல் மெல்லத் தன் டீக் கோப்பையை நகர்த்தி வைத்தார். மொக்லேஸ் கோப்பையை மெல்லத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்.

"இது... இதுல கொழந்தை எங்க வரப்போகுது, விடுங்க மொக்லேஸ்."

"பொறப்புச் சான்றிதழ் யாருக்கு சாகேப் தர்றீங்க?"

"கொழந்தைங்களுக்கு."

"கையெழுத்து எங்க உக்காந்து போடுவீங்க?"

"என் ரூம்ல."

"வேர்வை சொட்டிச் சான்றிதழ் நனைஞ்சுபோனா அந்தக் கொழந்தை என்னாகும்? ஒரு கொழந்தையோட கண்ணால பாருங்க!"

சேர்மன் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருக்கே கண் கலங்கியது.

"அறுபது சதவீதம் கொழந்தை. வெயில் வருஷத்துக்கு வருஷம் ஏறுது, அதத் தாங்கத்தான ஏசி? மிச்சம் நாப்பது பருவநிலை." சர், சர். கிளிப்பச்சை!

"அடேயப்பா, நான் இவ்ளோ நல்லவனா?" என்றார் சேர்மன். அன்றிலிருந்து மொக்லேஸ் பாய்க்கு முன்வாசலில் நாற்காலி.

இந்த இனத்துக்கு வீடு, அலுவலகம் என்ற பேதம் கிடையாது. ஒரு வெள்ளிக்கிழமை கை நீளத்துக்கு இலீஷ் மீன் வாங்கி வந்தார். மனைவி லுத்ஃபா விலையைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தாள். அவர் பதறவில்லை. மளிகை நோட்டை எடுத்து மீன் வரிக்கு மஞ்சள் பூசினார். "அறுபது சதவீதம் புள்ளைங்களுக்கு. மூளை வளர்ச்சி."

சாப்பாட்டில் உட்கார்ந்தபோது லுத்ஃபா இடுப்பில் கை வைத்து நின்றாள். "ஏங்க, அறுபது சதவீதம் புள்ளைங்களுக்குன்னீங்க. ருசியான தலை யாரு தட்டுல கிடக்கு? சினை முட்டை யாரு தட்டுல கிடக்கு?"

பிள்ளைகள் இரண்டும் வால் துண்டில் முள் பொறுக்கிக்கொண்டிருந்தன. மொக்லேஸுக்குத் தொண்டையில் ஏதோ சிக்கியது. மீன்முள்தான் என்று நினைத்துச் சோற்றை உருட்டி விழுங்கிவிட்டார்.

இப்படியாகப் பூசி முடித்துக் கூட்டிப் பார்த்தால், கல்மிகாலி யூனியனின் செலவில் தொண்ணூற்றொரு சதவீதம் குழந்தைகளுக்கும் பருவநிலைக்கும்! மாவட்டத்திலேயே முதலிடம். கேடயம் உறுதி என்று பேச்சு அடிபட்டது. சேர்மன் கேடயத்துக்குச் சுவரில் ஆணிகூட அடித்துவிட்டார்.

அந்த வாரம்தான் ஃபெர்தௌசி ஆபா, ஊருக்கே அக்காவான எங்கள் பள்ளித் தலைமை ஆசிரியை, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, முழங்கால்வரை சேற்றோடு வந்து நின்றார். பள்ளிக்கூடம் கால்வாய்க்கு அக்கரையில், தூண்களின்மேல். புயல் வந்தால் ஊருக்கே அடைக்கலம் அதுதான். போக ஒரே வழி: நடக்க ஒரு மூங்கில், பிடித்துக்கொள்ள ஒரு மூங்கில்.

"சேர்மன் பாய், ஒரு மரப்பாலம் போட்டுத் தாங்க. போன மழையில ஏழு புள்ளைங்க தண்ணியில விழுந்துச்சு. மூணு நனைஞ்ச சட்டையோட வகுப்புக்கு வந்துச்சு. நாலு வூட்டுக்குப் போச்சு, அதோட இன்னும் வரல. நாளைக்கே புயல் வந்தா ஊரே அந்த ஒத்த மூங்கில்மேலதான் ஏறி வரணும்."

"ஆபா, தொண்ணூத்தொரு சதவீதத்த உங்க புள்ளைங்களுக்கும் புயலுக்கும் குடுத்தாச்சு. மிச்சம் ஒம்பதுல நாங்க ஏதோ உசுர வச்சிட்டிருக்கோம். அதையும் கேக்கறீங்களே, நியாயமா?"

ஆபா மொக்லேஸ் பக்கம் திரும்பினார். "கண்காணிக்கிறவரே, நீங்க சொல்லுங்க."

மொக்லேஸ் காகிதத்தை மேலிருந்து கீழாகத் தேடினார், கீழிருந்து மேலாகத் தேடினார். ரோடு இருந்தது, பெட்ரோல் இருந்தது, ரசகுல்லா இருந்தது. பாலம் இல்லை. "வரியே இல்லையே ஆபா. இல்லாத வரிக்கு நான் எப்படிப் பூசறது?" என்றார் பரிதாபமாக. சொன்ன பிறகு முள் மறுபடி தொண்டையில் நெருடியது.

ஆபா சுவரில் தொங்கிய, மொக்லேஸ் பூசிய திட்டத் தாளை வரி வரியாக விரல் வைத்துப் படித்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், அந்தச் சிரிப்பை நான் சேர்மனாக இருந்து பார்த்திருந்தால் அன்றே பாலத்துக்கு மரம் வாங்கியிருப்பேன்.

வரவு செலவுத் திட்டத்தை முற்றத்தில் விரித்து, ஊரைக் கூட்டி, எல்லார் காதிலும் விழப் படிக்க வேண்டும் என்பது எங்கள் யூனியன்களின் வழக்கம். அன்றைக்கு ஷாமியானா போட்டாயிற்று. மாவட்டத்திலிருந்து அதிகாரி வந்து நடு நாற்காலியில் உட்கார்ந்தாயிற்று. பெட்ஷீட் அளவுத் தாளில் திட்டம் மஞ்சளும் பச்சையுமாக வயல்போல் தொங்கியது. மொக்லேஸ் பாய் மைக்கைத் தட்டி, "ஒரு கொழந்தையோட கண்ணால பாருங்க" என்று ஆரம்பிக்கவும், கேட்டைத் திறந்துகொண்டு மூன்றாம் வகுப்பு உள்ளே நுழைந்தது. நாற்பத்திரண்டு பேர். எண்பத்து நான்கு சேற்றுக் கால்கள். கடைசியில் ஃபெர்தௌசி ஆபா, எதுவுமே தெரியாதவர்போல.

முன்னால் நின்ற சிறுமியின் பெயர் டும்பா. இரண்டு பல் இல்லை. தாளின் அருகே போய் அண்ணாந்து பார்த்தாள்.

"சார், மஞ்சள் எல்லாம் எங்களுதா?"

"ஆமாண்டா செல்லம்!" மைக்கில் மொக்லேஸ் உருகினார். அதிகாரி கைதட்டினார்.

"ஏழாவது வரி?"

"அது ஏசி. அறுபது சதவீதம் உங்களுக்கு."

"மிச்ச நாப்பது சேர்மன் தாத்தாவுக்கா?"

"இல்ல கண்ணு, அது பருவநிலைக்கு."

டும்பா விரல்விட்டுக் கூட்டினாள். "அப்ப சேர்மன் தாத்தாவுக்கு அந்த ரூம்ல ஒண்ணுமே இல்லியே?"

எல்லாத் தலையும் சேர்மன் பக்கம் திரும்பியது. டீக்கடை நிதாய் மட்டும் களுக்கென்று சிரித்து, துண்டை வாயில் திணித்துக்கொண்டான்.

"கேட்டீங்கள்ல? வாங்க, நம்ம ரூமுக்குப் போலாம். இனிமே மழைக்காலம் முழுக்க வகுப்பு இங்கதான்" என்றார் ஆபா.

அவ்வளவுதான். வெல்லத்தைக் கண்ட எறும்புக் கூட்டம்! முக்கால்வாசி வகுப்பு சேர்மன் அறைக்குள். சோபாவில் ஒன்பது, மேஜைக்கடியில் ஐந்து, சுழல் நாற்காலியில் ஒன்று உட்கார இரண்டு சுற்றிவிட, கேடயத்துக்கு அடித்த ஆணியில் ஒரு பள்ளிக்கூடப் பை. வெளியே மூன்று பேர் மோட்டார் சைக்கிளில் ஏறி "முப்பது சதவீதம்! முப்பது சதவீதம்!" என்று ஹாரன் அடிக்கிறார்கள். விருந்தாளிகளின் ரசகுல்லாத் தட்டு காணவில்லை. பருவநிலையைப் பற்றிப் பேசிக்கொண்டே தின்கிறார்கள் போலிருக்கிறது.

"ஆபா, இது அக்கிரமம்!" சேர்மன் வாசலில் நின்று குதித்தார், உள்ளே நிற்க இடமில்லை.

"அக்கிரமமா? உங்க கையெழுத்து போட்ட தாளு பாய். படிச்சுப் பாத்துத்தான வந்தோம்?"

"மொக்லேஸ்! அந்த மஞ்சள அழிய்யா!"

மொக்லேஸ் பாய் எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். மார்க்கர் மை அழியுமா? தாள்தான் கிழிந்தது. ஏழாவது வரியில் ஓட்டை. அந்த ஓட்டை வழியாக, தாளுக்குப் பின்னால் வந்து நின்ற டும்பாவின் கண் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு குழந்தையின் கண். வாழ்க்கையில் முதல்முறையாக அதை இவ்வளவு பக்கத்தில் பார்க்கிறார் மனிதர். ஓடிவந்ததில் அவள் பாவாடையிலிருந்து இன்னமும் கால்வாய்த் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"விழுந்துட்டியா?"

"இன்னிக்கு லேசாத்தான் சார்."

அவர் மைக்கை எடுத்தார். தேன் வடியவில்லை, குரல் கரகரத்தது. "நான் பூசினது தப்பு. ஏசி ஏசிதான். தொண்ணூத்தொண்ணு இல்ல. உண்மையாக் கூட்டினா... வெள்ளத் தடுப்புக் கரைக்கும், தடுப்பூசி முகாமுக்கும் போட்டது மட்டுந்தான். பதினாலு."

கேடயம் போயிற்று. சேர்மன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அதிகாரி தன் கைதட்டலைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாமல் கையைப் பிசைந்தார்.

மொக்லேஸ் கிழிந்த இடத்தில் ஒரு துண்டுத் தாளை ஒட்டி, சாதாரண நீலப் பேனாவால் எழுதினார்: மரப்பாலம், ஒரு லட்சத்து எண்பதாயிரம். "ஏசிக்குப் பதிலா. யாரு சரிங்கிறீங்க?" முற்றத்தில் கை உயராதவர்கள் இரண்டு பேர்: சேர்மன், அதிகாரி. சேர்மன் அறையிலிருந்து "டமார்" என்று ஏதோ உடைகிற சத்தம் கேட்டதும் சேர்மனும் உயர்த்திவிட்டார்.

பழக்கதோஷம் விடுமா? மொக்லேஸ் மஞ்சள் பேனாவை எடுத்து அந்த வரியில் தேய்த்தார். வறவற. மை இல்லை. பச்சையை எடுத்தார். அதுவும் காய்ந்துபோயிருந்தது. பெட்ரோலுக்கும் ரசகுல்லாவுக்கும் பூசித் தீர்த்த மனிதருக்கு, பூசவேண்டிய ஒரே வரிக்கு ஒரு சொட்டு மிச்சமில்லை.

"பரவால்ல சார், பாலம்னு எழுதியிருக்குல்ல" என்றாள் டும்பா.

ஷ்ராபண் மாத மழையில், குடைபிடித்துக்கொண்டு தச்சர்கள் பாலம் போட்டு முடித்தார்கள். சாயமே இல்லாத, வெறும் மர நிறம். வராமல் போன நான்கு பேரில் மூன்று பேர் திரும்பி வந்துவிட்டார்கள். நான்காமவன் வீட்டுக்கு மொக்லேஸ் பாய் தினமும் நடக்கிறார், பேனா இல்லாமல்.

நன்றாகச் சிரித்தீர்களா? சிரியுங்கள். ஆனால் போன தீபாவளித் தள்ளுபடியில் சுவரளவு டிவி வாங்கி "பசங்க படிப்புக்கு ஆகும்" என்றது யார்? "குழந்தைகளுக்குக் காற்றோட்டமாக இருக்கும்" என்று கார் வாங்கி, அதில் அவர்களைப் பின்சீட்டில் நசுக்கியது யார்? சட்டைப் பையைக் கொஞ்சம் தடவிப் பாருங்கள். ஒன்றும் தட்டுப்படவில்லையா? சரி, சந்தோஷம். இன்றைக்கு உங்கள் வீட்டில் மீன் என்று கேள்விப்பட்டேன்.

தலை யார் தட்டில்?