குரங்குக் குல்லாவும் ஒரு விசிலும்

ஊரைப் பயமுறுத்துவதுதான் காப்பீட்டு அதிகாரிக்கு உத்தியோகம். இருபது வருஷமாக அதில் நல்ல பெயர். மாடிப்படியைப் பார்த்தாலே முறிந்த இடுப்புதான் அவர் கண்ணுக்குத் தெரியும். அப்பேர்ப்பட்டவர் வீட்டில் ஒரே ஒரு ஜீவன் மட்டும் பயப்படவே மாட்டேன் என்றது. அது அவர் மனைவி, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

டீச்சர் ஒரு மாதமாகப் பூங்காவுக்கு நடக்கப் போகிறாள். விடிந்தும் விடியாமல் கிளம்பினால் எட்டு மணிக்கு மேல்தான் வீடு. அதுவரை காபிக்கு நாதியில்லை. தானே போடப் போய் ஒரே வாரத்தில் இரண்டு பால் பாத்திரத்தைக் கரியாக்கினார் மனுஷர். இந்த நடை நிற்காவிட்டால் தன் காலைப்பொழுது அம்பேல் என்று தெரிந்துபோயிற்று.

போகாதே என்று சொல்லத் தைரியம் உண்டா? கிடையாது. ஆகவே அக்கறை என்ற பெயரில் ஆரம்பித்தார். பூங்காவின் பின்பக்கம் குன்று, ஒரே புதர். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு நடக்காதே. எந்தப் பாதை, எப்போது திரும்புவாய் என்று காவலாளியின் நோட்டில் எழுதாமல் உள்ளே கால் வைக்காதே. இப்படி அடுக்கிவிட்டுக் கழுத்தில் ஒரு விசிலையும் மாட்டிவிட்டார். அதோடு விட்டாரா?

"உன் வீட்டுக்காரர் அனுப்பினார்னு யாராவது வந்தா நம்பாதே. நான்தான் உன் புருஷன்னே ஒருத்தன் சொன்னாலும் நம்பிடாதே. காலம் கெட்டுக் கிடக்கு."

டீச்சர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். எல்லாவற்றையும் செய்தாள். நடையை மட்டும் நிறுத்தவில்லை.

சரி, ஒரு தடவை நிஜமாகவே பயந்தால் அடங்கிவிடுவாள் என்று முடிவுகட்டினார். சாயந்திரம் பரணிலிருந்து குரங்குக் குல்லாவை இறக்கித் தலையணைக்கடியில் செருகினார். ஏழு மணிக்கு முன்னால் கண் திறந்தறியாதவர், ஐந்துக்கு அலாரமும் வைத்தார். இரண்டையும் டீச்சர் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டார், பாவம்.

காலையில் குல்லாவை மாட்டிக்கொண்டு பூங்கா வாசலில் ஒரு மரத்துக்குப் பின்னால் பதுங்கி நின்றார். டீச்சர் வழக்கம்போல நோட்டில் எழுதினாள். இன்றைக்கு இரண்டு வரி கூடுதலாகவே எழுதினாள். எழுதிப் பழகிய கை சும்மா இருக்காது என்று விட்டுவிட்டார்.

வழக்கமாகக் குளத்தைச் சுற்றுகிறவள், அன்று நேரே குன்றில் ஏறினாள். இவரும் ஏறினார். அவள் இறங்கினாள். இவரும் இறங்கினார். அவள் மறுபடி ஏறினாள். இவருக்கு நாக்குத் தள்ளிவிட்டது. இனி தாங்காது என்று புதருக்குள் புகுந்து உர்ர்ர் என்றார்.

டீச்சர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விசிலை எடுத்து ஊதினாள்.

எங்கேதான் இருந்தார்களோ, கைத்தடியோடு அவள்கூட நடக்க வருகிற ஆறு பெண்கள், கூடவே காவலாளி. கண்ணை மூடித் திறப்பதற்குள் சுற்றி வளைத்துவிட்டார்கள். அதிகாரி அவசரமாகக் குல்லாவைப் பிடுங்கி எறிந்தார்.

"ஐயோ, நான் வேற யாருமில்லைங்க. இவ புருஷன்."

"அப்படியாங்க டீச்சர்?" என்றார் காவலாளி.

விடைத்தாளைத் திருத்துகிற பார்வையோடு டீச்சர் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"புருஷன்னு சொல்லிக்கிட்டு யார் வந்தாலும் நம்பாதேன்னு எங்க வீட்டுக்காரர் கண்டிப்பா சொல்லியிருக்கார். அவர் பேச்சை நான் தட்டினதே இல்லை."

சொல்லிவிட்டு மிச்ச நடையை முடிக்கப் போய்விட்டாள். அடிப்பாவி என்று நொந்துகொண்டார். இருபது வருஷம் குடும்பம் நடத்தியவள், ஒரு கண்ணைக்கூடச் சிமிட்டவில்லையே.

காவலாளி அறையில் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். மணி ஆறே முக்கால். காபி நினைப்பு வேறு. விட்டுவிடப்பா, வீட்டுக்குப் போய் அடையாள அட்டை எடுத்து வருகிறேன் என்று கெஞ்சினார்.

"எட்டு மணிக்கு முன்னாடி விட முடியாது சார். நோட்டுல அப்படித்தான் எழுதியிருக்கு."

"எந்த நோட்டுல?"

காவலாளி திருப்பிக் காட்டினார். முத்து முத்தான கையெழுத்து. எழுதிய நேரம் ஐந்து ஐம்பது.

'குன்றுப் பாதை. பின்னாலேயே குரங்குக் குல்லா போட்ட ஒருவர் வருவார். விசில் கேட்டதும் பிடித்து வைக்கவும். எட்டு மணிக்குத் திரும்பும்போது வாங்கிக்கொள்கிறேன்.'