டாக்டரம்மா வீட்டுச் செம்புத் தகடு

கம்ப்யூட்டரை நம்பிப் பிழைத்துக்கொண்டும், அது எப்போது வெடிக்குமோ என்று பயந்துகொண்டும் இருக்கிற ஒரே ஆள் உலகத்திலேயே எங்கள் ஆமத்தூர் டாக்டரம்மாதான். அவர் டாக்டருக்குப் படித்தவர் இல்லை. வெளிநாட்டு டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிந்து அனுப்புவதை வீட்டிலிருந்தே கேட்டு டைப் அடிக்கிற வேலை. டாக்டரம்மா என்பது தெரு வைத்த பேர்.

அதற்கு முன் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசு கம்பெனியில் இருந்தார். பக்கத்து ஷெட் வெடித்ததைக் கண்ணால் பார்த்த பிறகு, இனி கம்பெனி வேனில் ஏற மாட்டேன் என்று நின்றுவிட்டார். ஆனால் ஷெட்டின் சட்டதிட்டமெல்லாம் அவரோடு வீட்டுக்கு வந்துவிட்டது. கம்ப்யூட்டர் அறை வாசலில் ஒரு செம்புத் தகடு. செருப்பைக் கழற்றி, தகட்டைத் தொட்டு, உடம்பில் இருக்கிற மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் உள்ளே போகலாம்.

"கம்ப்யூட்டர் எங்கயாச்சும் வெடிக்குமா மதினி?" என்று கேட்டேன்.

"வெடிக்காதுன்னு எவன் ஒங்களுக்கு எழுதிக் குடுத்தான் கொழுந்தனாரே?"

ஒரு ஷெட்டுக்கு நாலு பேர்தான் என்பதும் கம்பெனி விதி. நாத்தனார் குடும்பம் விருந்துக்கு வந்தபோது, ஐந்தாவதாக வீட்டுக்குள் நுழையப்போன நாத்தனார் புருஷன் வெயிலில் நின்றே வடை தின்றார்.

காதில் பேசுகிற டாக்டர்களுக்குப் பதில் சொல்லாமல் அவரால் இருக்க முடியாது. "மெதுவாச் சொல்லுங்க சார், பஸ்ஸா போயிரப்போகுது?" அவர்களுக்குக் கேட்காது என்று நாங்கள் சொன்னால், "கேக்காட்டி என்ன, சொல்லணும்ல" என்பார். ஒருநாள் அம்மன் கோயிலில் பித்தப்பை ஆபரேஷன் நோயாளி ஒருத்திக்கு அர்ச்சனை செய்யச் சொன்னார். பூசாரி பேர் கேட்டார்.

"பேரு வெளிய சொல்லக்கூடாது சாமி, கம்பெனி ரூல்ஸு. ஆத்தாளுக்குத் தெரியும், நீங்க பண்ணுங்க."

இந்த வேலை நிரந்தரமாவதற்கு ஒரு பரீட்சை இருந்தது. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் கேட்டு, ஒரே மூச்சில் எழுதி முடிக்க வேண்டும். தேறாவிட்டால் மறுபடி வேன்தான். அது பங்குனிப் பொங்கல் அன்று சாயங்காலம் வந்து வாய்த்தது. அம்மன் புறப்பாட்டுக்கு வெடி போடாத சரித்திரமே எங்கள் ஊருக்குக் கிடையாது. ஆனாலும் தெருவே கூடிப் பேசி முடிவெடுத்தது. சரவெடிச் சுருளை யாரும் பிரிக்கவில்லை. மேளக்காரர்கள் மேளத்தை அடிக்காமல் தோளில் தொங்கவிட்டு நடந்தார்கள். அம்மன் சத்தமில்லாமல் அவர் வீட்டைக் கடந்துகொண்டிருந்தாள்.

கதவு படீரென்று திறந்தது. கழுத்தில் ஹெட்போனோடு டாக்டரம்மா வெறுங்காலில் ஓடி வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"எந்தக் கம்பெனிலே? யாருக்கு என்ன ஆச்சு?"

எங்கள் பக்கம் திருவிழாவில் வெடிச் சத்தம் கேட்காவிட்டால், ஏதோ ஒரு பட்டாசு கம்பெனி வெடித்து ஊரில் சாவு விழுந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். எங்களில் ஒருத்தருக்கும் அது தோன்றவில்லை.

"ஒண்ணும் ஆகல தாயி," என்றார் லோடுமேன் சுப்பையாண்ணன். "ஒங்க பரீட்சைக்காகத்தான் சத்தம் போடாமப் போறோம்."

டாக்டரம்மா அப்படியே வாசப்படியில் உட்கார்ந்து அழுதார். பிறகு திட்டினார். "வெடியப் போடுங்கய்யா. சத்தம் கேட்டாத்தான எல்லாரும் உசுரோட இருக்கீகன்னு தெரியும்? இல்லாட்டி எனக்குக் கை எப்படி ஓடும்?"

சரம் பற்றியது. தெருவே அதிர்ந்தது. நேரம் போய்க்கொண்டிருந்த அந்த அவசரத்திலும் அவர் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போனார். தேறியும் விட்டார்.

நான் இப்போது சென்னையில், சத்தமே இல்லாத ஒரு மாடி வீட்டில் இருக்கிறேன். சில சாயங்காலங்களில் மதினிக்குப் போன் போடுவேன். அவர் பேச்சுக்குப் பின்னால் எங்கேயோ ஒரு வெடி வெடிக்கும். நல்லா இருக்கீகளா என்று அதற்குப் பிறகு நான் கேட்பதில்லை.