அரைமணி மாப்பிள்ளையும் கார் ஸ்டீரியோவும்

எல்லாக் குடும்பத்திலும் ஓர் அரைமணிக்காரர் இருக்கிறார். அவரை அடையாளம் காண பெரிய ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம். எந்த வேலையைச் சொன்னாலும், நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "இதுக்குப் போய் ஆளா? அரைமணி வேலை!" என்பவர் அவர்தான். குழாய் ஒழுகலா? அரைமணி. அலமாரிக் கதவு சாய்ந்துவிட்டதா? அரைமணி. அந்தக் கதவு இன்றைக்கும் சாய்ந்துதான் நிற்கிறது என்பதை அவரிடம் சொல்லிப் பாருங்கள், "அது மரத்தோட குணம்" என்பார்.

நான் சொல்லப்போகிற அரைமணிக்காரர் ஒரு வீட்டு மாப்பிள்ளை. மனைவியின் குடும்பம் முழுக்க அவருக்கு 'அரைமணி மாப்பிள்ளை' என்றே பெயர் வைத்திருந்தது. அவருக்கு மட்டும் அது தெரியாது.

மாமனார் வயிற்றில் ஆபரேஷன் ஆகி ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு வீட்டுக்கு அனுப்புகிறோம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "வாடகை வண்டியெல்லாம் வேண்டாம்மா, நம்ம கார்லயே வந்துடறேன்" என்று அவர் மகளிடம் குழந்தை மாதிரி கேட்டார். மகளும் நாலு மணிக்கு டாண்ணு வந்து நிற்பதாகக் கையில் அடித்துச் சொன்னாள். இதைக் கேட்ட மாப்பிள்ளைக்கு மனம் இளகிவிட்டது. வரும் வழியில் மாமா பழைய பாட்டுக் கேட்டுக்கொண்டே வரட்டுமே! காரில் இருந்த ஸ்டீரியோ ஊமையாகி இரண்டு வருஷம் ஆகிறது. ஞாயிறு காலையிலேயே போய்ப் புது ஸ்டீரியோ வாங்கினார்.

"இருங்க சார், நாங்களே மாட்டித் தர்றோம். காசு வேண்டாம்" என்றார் கடைக்காரர்.

யாரிடம் போய் என்ன சொல்கிறார் பாருங்கள்! இலவசமாக மாட்டித் தருகிறேன் என்பதைவிட ஓர் அரைமணிக்காரரை அவமானப்படுத்த வேறு வழியே கிடையாது. பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நம்மவர் வெளியே வந்துவிட்டார்.

"என்னங்க, இன்னைக்கேவா?" என்றாள் மனைவி. "நாலு மணிக்கு அப்பா ஆஸ்பத்திரி வாசல்ல வந்து நிப்பாரு. ஞாபகம் இருக்குல்ல?"

"மணி ஒன்பதரைதானே ஆகுது? அரைமணி வேலை!"

இனி வருவது சடங்கு. காரின் நாலு கதவையும் விரியத் திறந்தாக வேண்டும். மனைவியின் நல்ல துண்டை இருக்கையில் விரித்தாக வேண்டும். ஸ்டீரியோவோடு வந்த விளக்கத் தாளைப் படிக்காமல் மடித்து காபி டம்ளருக்கு அடியில் வைத்தாக வேண்டும். பிறகு கத்தியால் நெம்பி டேஷ்போர்டு மூடியைக் கழற்றும்போது 'டக்' என்று ஏதோ உடையும், உடனே அவர், "உடையறதுக்குன்னே ஒரு கிளிப் வச்சிருப்பான், அதுதான் இது" என்று சொல்ல வேண்டும், சொன்னார். கழற்றிய திருகுகளைச் சோப்பு டப்பாவில் போட்டார். பழைய ஸ்டீரியோவின் இணைப்பில் அப்படியே பொருத்திக்கொள்ள ஒரு பிளக்கைக் கடைக்காரர் பெட்டிக்குள் வைத்திருந்தார். அதை மாட்டியிருந்தால் வேலை உண்மையிலேயே அரைமணியில் முடிந்திருக்கும். நம்மவர் அதை எடுத்துப் பார்த்து, "இதெல்லாம் தெரியாதவங்களுக்கு" என்று ஓரமாகப் போட்டுவிட்டு, காரின் ஒயர்களைக் கத்தரிக்கோலால் கத்தரித்தார். கத்தரித்த பிறகு எது எதுவென்று யோசிக்க ஆரம்பித்தார்.

ஒரு மணிவாக்கில் புது ஸ்டீரியோவில் இரண்டே ஒயர் பாக்கி நின்றது, ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள். இரண்டிலும் கரண்ட் வேண்டும் என்றது டம்ளருக்கு அடியிலிருந்து எட்டிப் பார்த்த தாள். "கரண்ட்டுனா ஒரே கரண்ட்டுதானே? எதுக்கு ரெண்டு ஒயர்? வீண் செலவு!" என்று கம்பெனியைக் கடிந்துகொண்டு இரண்டையும் ஒன்றாக முறுக்கி, பேட்டரியிலிருந்து வரும் ஒயரோடு சேர்த்து டேப் சுற்றினார்.

பாட்டு வந்தது. அடேயப்பா, என்ன சத்தம்! சாவியை உருவினார். அப்போதும் பாடியது.

"ஏய், இங்க வந்து பாரேன்! சாவியே இல்லாம பாடுது!"

"அப்படிப் பாடலாமா?" என்றாள் மனைவி.

"புது மாடல்னா அப்படித்தான்."

"அப்ப அணைச்சிட்டுச் சாப்பிட வாங்க."

"அணைக்கக் கூடாது. புது ஸ்டீரியோ ரெண்டு மணி நேரம் சத்தமா ஓடணும். அப்பத்தான் அதுக்குத் தொண்டை திறக்கும்."

இதை அவருக்கு யார் சொன்னார்கள் என்று கேட்காதீர்கள். யாரும் சொல்லவில்லை. நாலு கதவும் திறந்தபடி, உள்விளக்கெல்லாம் எரிந்தபடி, தெரு முழுக்கக் கேட்கும்படி கார் பாடிக்கொண்டிருந்தது. நம்மவர் சாப்பிட்டார். மிச்சமாகிப்போன மூன்று திருகுகளை, "எப்பவும் எக்ஸ்ட்ரா வச்சுதான் அனுப்புவான்" என்று மேஜை டிராயரில் போட்டுவிட்டுக் கொஞ்சம் கண் அசந்தார்.

மூன்றரைக்கு எழுந்தபோது தெரு அமைதியாக இருந்தது. "தொண்டை திறந்துடுச்சு போல" என்று சொல்லிக்கொண்டே காரில் ஏறிச் சாவியைத் திருப்பினார். 'டிக்' என்றது. இன்னொரு தடவை திருப்பினார். 'டிக்'. மூன்றாம் தடவை அதுவும் இல்லை. பேட்டரியைப் பாட்டு முழுசாகக் குடித்து ஏப்பம் விட்டிருந்தது.

புடவை மாற்றிக்கொண்டு வந்த மனைவி பார்த்தாள். கத்தவில்லை. அவள் கத்தியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"இந்த ஒன்பது நாள்ல எங்கப்பா இந்த ஒண்ணைத்தாங்க கேட்டாரு" என்றாள். கண் கலங்கிவிட்டது.

நம்மவருக்கு முதல் தடவையாக வாயில் 'அரைமணி' வரவில்லை.

வாடகை வண்டி கிடைத்து அவர்கள் போய்ச் சேரும்போது மணி ஐந்து. மாமனார் ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு, மூன்றரையிலிருந்து ஒவ்வொரு காராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நம்மவருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"மன்னிச்சிடுங்க மாமா. உங்களுக்காகத்தான் ஸ்டீரியோ மாட்டினேன். நல்லாத்தான் பாடுச்சு, சாவியே இல்லாமகூட..."

மாமனார் நிமிர்ந்து பார்த்தார்.

"சிவப்பையும் மஞ்சளையும் ஒண்ணா முறுக்கிட்டீங்களா?"

"எப்படி மாமா தெரியும்?"

"உங்க அத்தையைப் பிரசவத்துக்குக் கூட்டிட்டுப் போற அன்னைக்கு நானும் அப்படித்தான் முறுக்கினேன். காரைத் தள்ளிக்கிட்டே போனோம்."

"அப்பா! அது நான் பொறந்த அன்னைக்கா?" என்றாள் மகள்.

"நீயேதாம்மா." சிரித்தவர், தையல் வலிக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "மஞ்சள் பேட்டரிக்கு, சிவப்பு சாவிக்கு. வீட்டுக்குப் போனதும் ஸ்க்ரூடிரைவர் எடுங்க மாப்பிள்ளை. ரெண்டு பேரும் உட்கார்ந்தா அரைமணி வேலை!"

அம்மா இந்த மனுஷனோடு எப்படித்தான் குப்பை கொட்டினாளோ என்று மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள். சிரிப்பும் வந்துவிட்டது.

நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று மட்டும் கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். அவர் அந்த இரண்டு ஒயரையும் முறுக்கிய இடத்தில், 'அடச்சே, என்கிட்ட கொடுத்திருந்தா...' என்று உங்கள் கை லேசாகப் பரபரத்ததா இல்லையா? பரபரத்ததென்றால், உங்கள் வீட்டில் உங்களுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று இன்றைக்கே மெதுவாக விசாரித்துவிடுங்கள்.