நான் போட்ட சென்ட்டும் முனிரத்னா அக்கா கழுவிய டேங்க்கும்

வாசனையாக இருக்க ஆசைப்பட்டு மானத்தைக் கப்பலேற்றியவன் நான்.

குருபரப்பள்ளி தாண்டி ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில் தரப் பரிசோதனை வேலைக்குச் சேர்ந்து இரண்டே மாதம். கூழ் நிரப்பும் முன், கழுவிய டேங்கின் வாய்க்குள் தலையை விட்டு முகர்ந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். (வீட்டில் 'சயின்டிஸ்ட்' என்று சொல்லிவைத்திருந்தேன்.)

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் போனேன். கடைப்பெண் ஒருத்தி என் மணிக்கட்டில் புஸ்ஸென்று அடித்து, "இது பெங்களூரோட கேரக்டர் சார். எலுமிச்சை, மல்லிப்பூ, ரொம்ப லைட். காலையில பார்க்ல நடக்கற மாதிரி இருக்கும்" என்றாள். ஓசூர் பஸ்சுக்கு நின்று புகை குடித்த பெங்களூர்தான் எனக்குத் தெரியும். இருந்தாலும் வாங்கிவிட்டேன்.

ஃபேக்டரிக்குள் சென்ட் கூடாது என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். லைட்தானே என்று திங்கட்கிழமை காலரில் நாலு அடி அடித்துக்கொண்டு போனேன்.

டேங்கில் தலையை விட்டேன். எலுமிச்சை வாசனை! என் மூக்கின் திறமையில் எனக்கே புல்லரித்தது. "சோப்பு சரியா அலசல சார்" என்று அறிவித்தேன். மேனேஜரும் என் பக்கத்தில் குனிந்து முகர்ந்து, "ஆமாய்யா" என்றார்.

டேங்க் கழுவும் முனிரத்னா அக்கா, "நாலு தபா தண்ணி வுட்டேன் சார்" என்றார். யாரும் காதில் வாங்கவில்லை. வெளியே மாங்காய் லாரிகள் வரிசையில் நின்றன. அக்கா மறுபடி உள்ளே இறங்கிக் கழுவினார். மறுபடி முகர்ந்தோம். அதே எலுமிச்சை.

"இன்னொரு வாட்டி வாசனை வந்துச்சு, நாளையிலேர்ந்து வேலைக்கு வராத" என்று மேனேஜர் அக்காவிடம் கத்திவிட்டுப் போனார்.

அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. திரும்பி நின்று காலரை முகர்ந்தேன். பெங்களூர் முழுவதும் அங்கேதான் இருந்தது. நிமிர்ந்தால், கையில் ஹோஸோடு அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லியிருக்கலாம். என் வேலை போய்விடுமே என்று பயம். வாயைத் திறக்கவில்லை. அக்கா மூன்றாவது முறையாக உள்ளே இறங்கினார்.

இந்த முறை நான் பத்தடி தள்ளி நின்றுகொண்டேன். திரும்பி வந்த மேனேஜர் தனியாக முகர்ந்தார். வாசனையே இல்லை. கையெழுத்து வாங்க என்னிடம் வந்தவர் அப்படியே நின்றார்.

"யோவ், வாசனை டேங்க்ல இல்ல, உம்மேல வருது!"

எல்லாரும் சிரித்தார்கள். "எனக்கே தெரியல சார்" என்றேன். முழங்கால்வரை நனைந்திருந்த அக்கா ஹோஸைச் சுருட்டினார். என் வேலையும் போகவில்லை, அவர் வேலையும் போகவில்லை. மன்னிப்புக் கேட்க அடுத்த நாள், அதற்கடுத்த நாள் என்று தள்ளிப்போட்டு வருஷங்கள் போய்விட்டன.

போன வருஷம் காவேரிப்பட்டினத்தில் அக்கா மகள் கல்யாணம். மனைவியோடு போனேன். வாசலில் பன்னீர் தெளிக்க வந்த பெண்ணை அக்கா தடுத்தார். "சாருக்கு வேணாம்டி, அவரே போட்டுனு வந்திருப்பாரு!"

என் மனைவி விடுவாளா? முழுக்கதையையும் கேட்டு வாங்கினாள். அக்கா சிரித்துச் சிரித்துச் சொன்னார். கடைசியில் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பாவம்மா, அவரு மேல வர்ற வாசன அவருக்கே தெரியல" என்றார்.

இப்போது எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் என் மனைவி பன்னீர்ச் சொம்பை என்னைத் தாண்டி நகர்த்திவிட்டு இந்தக் கதையைச் சொல்கிறாள், அக்கா சொன்னபடியே. நானும் கூடச் சேர்ந்து சிரிக்கிறேன். இதுவரை ஒருமுறைகூட அவளைத் திருத்தவில்லை.